தோள் நோகுது என்று சொன்ன பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்துவிட்டு இரவைக்குப் படியுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் என்று எழுதுவது எங்கள் ஸ்டாஃப் ரூமின் மூலை மேசையில் இருக்கும் ஐந்து பேரை. மூன்று பேர் ஓட்டமாவடிப் பக்கமிருந்து கிரானுக்கு பஸ்ஸில் வந்து போகும் முஸ்லிம் ஆசிரியைகள், ஒருவர் சந்திவெளி, ஒருவர் கிரானிலேயே வீடு. எழுதுகிற கை ஒன்றுதான், ஆனால் நடந்ததில் ஐந்து பேருக்கும் பங்கிருக்கிறது, பிழையிலும்தான். ஆறாவது ஆள் எங்கள் தங்கச்சி. 27 வயது, வந்து இரண்டு வருடம், ஆரம்பப் பிரிவு. அவவுடைய கதைதான் இது. எழுதச் சொன்னதும் அவதான். "பேர் மட்டும் போடாதீங்க மிஸ், மத்ததெல்லாம் போடுங்க" என்றா.

தங்கச்சியின் ஊர் கிரான் பாலத்துக்கு அங்கால், முறுத்தானைப் பக்கம். மாரி பிறந்தால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தார் எல்லாருக்கும் தெரியும். புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும், பாலம் தாழும், மறுகா படகுதான். அதனால் மாரி மாதங்களில் தங்கச்சி கிரானில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுவா.

போன மாரிக்கு முன், மூன்று நான்கு மாதமாகவே அவவுக்கு அடிவயிறு கனமாக இருந்தது. நோவு என்று சொல்ல முடியாது. சாரியின் கொய்யகம் முன்னைப்போல இறுகவில்லை, அடிக்கடி மூத்திரம் போக வருகிறது, வலது பக்கம் என்னவோ நிறைந்தமாதிரி இருக்கு என்பா. நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். "ஸ்கூல் கன்டீன் ரோல்ஸ்தான் வயிறா வந்திருக்கு" என்று பகிடி பண்ணினோம். ஒருத்தி வெந்தயம் ஊறப்போடச் சொன்னா, ஒருத்தி வீட்டிலிருந்து இஞ்சிச் சாறு கொண்டுவந்தா. ஓரிடத்தில் மருந்து எடுத்தபோது கேஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை, ஏனென்றால் அடுத்தது நாங்கள் செய்தது.

ஒரு நாள் அவ, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்பமா மிஸ்?" என்று கேட்டா. ஸ்கேன் எடுக்கிற இடத்து போர்டில் ஒரு வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியின் படம் இருக்கிறது. வெளியில் போட்டிருக்கும் கதிரைகளில் இருப்பவர்களை ரோட்டில் போகும் எல்லாரும் பார்க்கலாம். அவவுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். "உனக்கு என்ன விசரா? அதில போய் இருந்தா ஊர் என்ன கதைக்கும்?" என்று சொன்னது எங்களில் ஒருத்தி. மற்ற நாலு பேரும் தலையாட்டினோம். பேச்சு அதோடு முடிந்தது.

அது நடந்து ஏழாவது கிழமை. வியாழக்கிழமை, மூன்றாம் பாடவேளை. விடிய விடிய மழை, பிள்ளைகளின் வரவு குறைவு. தங்கச்சி கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தா. விழவில்லை, எதையும் தூக்கவில்லை, இடிபடவுமில்லை. இருந்த இருப்பில் "அம்மா" என்று ஒரு சத்தம். பார்த்தால் மேசையில் நெற்றியை வைத்தபடி இருக்கிறா. முகம் வெளிறி, கை குளிர்ந்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னகா செய்யுது?"

"வயித்துக்க என்னமோ வெடிச்சமாதிரி மிஸ்."

கொஞ்ச நேரத்தில் நோவு வயிறு முழுக்கப் பரவியது. நிமிரவும் முடியவில்லை, சரியவும் முடியவில்லை. மறுகா அவ சொன்னதுதான் எங்களுக்குப் புரியவே இல்லை: "தோள் நோகுது." வயிறு நோகிற பிள்ளைக்குத் தோள் ஏன் நோக வேண்டும்? நாங்கள் தோளுக்குத் தைலம் தேய்த்தோம். சீனி கூடப் போட்டு பிளேன்டீயும் கொடுத்தோம். இரண்டும் தேவையில்லாத வேலை. பிளேன்டீயைப் பற்றிப் பிறகு மயக்க மருந்து டொக்டர் எங்களைக் கேட்ட கேள்வியை இங்கே எழுதவில்லை.

தோள் விஷயத்தை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றுக்குள் இரத்தமோ வேறு திரவமோ கசிந்து மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மென்தகட்டைத் தொட்டால் அந்த நோவு தோள் முனையில்தான் தெரியுமாம். அந்தத் தகட்டுக்குப் போகிற நரம்பும் தோளின் தோலுக்குப் போகிற நரம்பும் கழுத்தின் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால் மூளைக்கு ஆளடையாளம் பிசகிவிடுகிறது. எங்கள் விஞ்ஞான ஆசிரியைக்கு மென்தகடு தெரியும், தரம் பத்துக்கு வருடா வருடம் அதைக் கீறிக் காட்டுகிறவ. தோள் தெரியாது.

1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. முதலில் கிட்டவுள்ள ஆஸ்பத்திரி, பிறகு அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. எங்களில் இருவர் ஏறினோம். வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் எல்லாம் கடந்து போகிற அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி ஸலவாத் ஓதினா, தங்கச்சி பிள்ளையாரைக் கூப்பிட்டா.

வாட்டில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்தா. வயிற்றில் கை வைத்தா, வயிறு பலகைமாதிரி இறுகிக் கிடந்தது. கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டா. பிறகு நேர்ஸிடம், "யூரின் எடுத்து பிரெக்னன்சி டெஸ்ட் ஒண்டு செய்யுங்க" என்றா.

எங்களில் ஒருத்திக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. "டொக்டர், இவ கலியாணம் முடிக்காத புள்ள. டீச்சர்!" டீச்சர் என்ற சொல்லை ஏதோ சான்றிதழ் மாதிரி நீட்டினோம்.

டொக்டர் கோபப்படவில்லை. "அது எனக்குத் தெரியும் மிஸ். பிள்ளை பெறுகிற வயசில ஆர் வயித்து நோவோட வந்தாலும் செய்யிறதுதான். நான் வந்தாலும் எனக்கும் செய்வாங்க" என்றா. கருக்குழாயில் கரு தங்கி வெடித்தாலும் இதே நோவு, இதே வெளிறல், இதே தோள். அதற்கு மருத்துவம் வேறு, அவசரமும் வேறு. இல்லையென்று உறுதியானால் பயமில்லாமல் சீ.டி. ஸ்கேனுக்கும் அனுப்பலாம், ஏனென்றால் அதில் கதிர் இருக்கிறது. இவ்வளவையும் அவ ஒரு நிமிடத்தில் சொன்னா. நாங்கள் அப்போதும் முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தோம்.

"எடுங்க டொக்டர்" என்று சொன்னது தங்கச்சிதான். நோவில் கண்ணைத் திறக்காமல். "இவங்க சொல்றதக் கேக்காதீங்க."

அந்த வசனம் எங்களுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

டெஸ்ட் நெகட்டிவ். அடுத்தது கட்டிலடியிலேயே அல்ட்ராசவுண்ட். வயிற்றில் ஜெல்லைப் பூசி, டொக்டர் கருவியை வைத்ததும் திரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தா. வலது சூலகத்தில் பெரிய தேங்காய் அளவில் ஒரு கட்டி. அதன் ஒரு பக்கச் சுவர் ஒழுங்காக இல்லை. கர்ப்பப்பைக்குப் பின்னாலும் ஈரலுக்கடியிலும் இருக்கக்கூடாத திரவம். இரத்தமா வேறு ஏதுமா என்பதில்தான் சந்தேகம். அதற்காகத்தான் சீ.டி.

சீ.டி. படத்தைப் பிறகு எங்களுக்குக் காட்டி விளங்கப்படுத்தினார் கதிரியல் டொக்டர். எங்களில் ஒருத்தி கணித ஆசிரியை, அவ இன்னமும் அதையே கதைத்துக்கொண்டிருக்கிறா. சீ.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. தண்ணீர் 0. காற்று −1000. கொழுப்பு தண்ணீருக்குக் கீழே, −100 ஐ ஒட்டி. புதிதாகக் கசிந்த இரத்தம் 30 இலிருந்து 45 வரை. எலும்பு பல நூறுக்கு மேலே. அந்த அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் என்று பெயர். சீ.டி. இயந்திரத்தை உருவாக்கி, 1971 ஒக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுக்க வழிசெய்த கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அவர் டொக்டர் இல்லை, ஈ.எம்.ஐ. கம்பனியில் வேலை செய்த பொறியியலாளர். 1979 இல் அலன் கோர்மக்கோடு சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

தங்கச்சியின் வயிற்றில் ஈரலுக்கு முன்னால், தண்ணீருக்கு மேலே, சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. அளந்தால் கழித்தல் எண். அதாவது கொழுப்பு. மல்லாந்து படுத்திருந்ததால் அது மேலே மிதந்து வயிற்றின் முன்சுவரைத் தேடி வந்திருக்கிறது, ஆணத்துக்கு மேல் எண்ணெய் நிற்குமே, அதேபோல. கட்டிக்குள்ளே வெள்ளையாக, எலும்பின் நிறத்தில், ஒரு சின்னத் துண்டு.

"பல்லு" என்றார் டொக்டர்.

ஐந்து பேரில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் உண்மை. டேர்மோயிட் என்பார்கள் இதை. சூலகத்தில் முட்டைக்கான கலம் ஒன்று தன்பாட்டில் வளரத் தொடங்கி, தோல், மயிர், கொழுப்பு, சில வேளை பல் என்று உண்டாக்கி ஒரு பைக்குள் அடைத்து வைத்துக்கொள்கிறது. இளம் பெண்களில் காணப்படும் சூலகக் கட்டிகளில் மிகச் சாதாரணமானவற்றில் ஒன்று. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. கலியாணம் முடித்தவவா முடிக்காதவவா என்று அது பார்ப்பதில்லை. செய்வினை, சூனியம், வயிற்றில் பல் என்று ஊரில் யாராவது கதை கட்டினால் இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

அதன் தோல் தடிப்பு. அதனால் இப்படித் தன்னால் வெடிப்பது அபூர்வம், நூற்றுக்கு ஒன்றிரண்டு கூட இல்லை என்கிறார்கள். காம்பு முறுகிக்கொள்வதுதான் கூட நடக்கும். வெடித்தால் உள்ளே இருந்த நெய் வயிறு முழுக்கப் பரவி, வயிற்றின் உட்சவ்வை எரித்துவிடும். சிலருக்கு ஒரேயடியாக வெடிக்காமல் மாதக்கணக்கில் கசியும். அப்போது குடல்கள் ஒட்டி, படத்தில் காசநோய் போலவும் பரவின புற்றுநோய் போலவும் தெரியுமாம். அப்படிக் குழம்பித் தேவையில்லாத மருந்து எடுத்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

சூலகத்தில் வெடிப்பதெல்லாம் இதுவென்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். மாதாமாதம் முட்டை வெளிவரும்போது உண்டாகிற சின்ன நீர்ப்பைகள் உடைந்து, ஒன்றிரண்டு நாள் நோவோடு தானாகச் சுகமாவதுதான் அதிகம். சில வேளை அதற்குள் இரத்தம் கசியும், அதிகமானால்தான் ஆபத்து. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குப் பழைய இரத்தம் நிறைந்த பை உடையலாம். புற்றுக் கட்டியும் உடையலாம், உடைந்தால் நோயின் படிநிலையே மாறும்: சூலகத்துக்குள் மட்டும் இருந்த புற்று, ஒப்பரேஷனுக்கு முன்னமே தோல் கிழிந்திருந்தால் 1சி2 என்று கணக்கெடுக்கிறார்கள். எதுவென்று வெளியில் நின்று சொல்ல முடியாது. எங்கள் இஞ்சிச் சாற்றுக்கும் தெரியாது.

இந்த அல்ட்ராசவுண்டின் கதையைத் தேடிப் படித்தபோது எங்களுக்கு வெட்கம் இன்னும் கூடியது. ஏனென்றால் பெண்களின் வயிற்றுக்கு அது வந்ததே பிள்ளையைப் பார்க்க மட்டும் என்றில்லை, கட்டியைப் பார்க்கத்தான். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற பிரசவ மருத்துவப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்தவர், ரேடார், சோனார் பற்றித் தெரிந்தவர். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் இயந்திரம் ஒன்று ரென்ஃபுரூவில் கொதிகலன் செய்யும் கம்பனியில் இருந்தது. 1955 ஜூலையில் ஒப்பரேஷனில் எடுத்த சூலகக் கட்டிகளையும் கர்ப்பப்பைக் கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் ஒரு பெரிய இறைச்சித் துண்டும் வைத்திருந்தார்களாம். நீர் நிறைந்த கட்டியும் இறுகிய கட்டியும் எதிரொலியில் வேறுவேறாகத் தெரிந்தன.

பிறகு ஒரு பெண் அவரிடம் காட்டப்பட்டா. வயிறு ஊதி, உடம்பு மெலிந்து, வாந்தி. இரைப்பைப் புற்று முற்றிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். டொனால்ட் தன் இயந்திரத்தை வைத்துப் பார்த்தார், வயிற்றில் பரவிக் கிடக்கும் தண்ணீர் மாதிரித் தெரியவில்லை, ஓரம் உள்ள ஒரு பெரிய பையாகத் தெரிந்தது. வெட்டிப் பார்த்தால் சூலகத்துக் கட்டி, புற்று இல்லை. எடுத்தார்கள், அந்தப் பெண் சுகமானா. ஜோன் மக்விகர், பொறியியலாளர் டொம் பிரவுண் இருவரோடும் சேர்ந்து 1958 ஜூன் 7 ஆம் திகதி 'லான்செட்' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பெண்ணும் இருக்கிறா. சாகப் போகிறா என்று விடப்பட்ட ஒரு பெண்ணை எழுப்பிவிட்ட கருவியை, அறுபத்தைந்து வருடத்துக்கும் பிறகு நாங்கள் ஐந்து பட்டதாரிகள் ஊர் வாய்க்குப் பயந்து மறித்தோம்.

சரி, தங்கச்சியிடம் வருவோம்.

அவவின் அம்மாவுக்குப் போன் எடுத்தபோது கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர். படகு வரும்வரை நின்று, ஏறி, இந்தக் கரையில் எங்கள் ஆட்கள் ஓட்டோவில் ஏற்றி அனுப்பி, வந்து சேர நாலு மணித்தியாலத்துக்கு மேல். அதற்குள் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதும் தங்கச்சிதான். அம்மா தியேட்டர் வாசலுக்கு வந்தபோது பாவாடைக் கரையெல்லாம் சேறு. வந்ததும் எங்களைக் கேட்டது: "எப்ப இருந்து மனே இந்த நோவு? எனக்கிட்டச் சொல்லவே இல்லையே. உங்களுக்கிட்டச் சொன்னவளா?"

சொன்னவ என்று சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது.

உள்ளே வெதுவெதுப்பான சேலைன் தண்ணீரால் வயிற்றைத் திரும்பத் திரும்பக் கழுவினார்களாம், பல லீற்றர். வலது சூலகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வெளியே எடுத்த பாத்திரத்தில் அந்தக் கொழுப்பு, உடம்புச் சூட்டில் எண்ணெயாக இருந்தது, குளிரூட்டின அறையில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல உறைந்துவிட்டதாம். வெளியே வந்த பெரிய டொக்டரிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இனி இவளுக்குப் பிள்ளை கிடைக்குமா ஐயா?" இடது சூலகம் நல்லா இருக்கு, ஒன்று போதும் என்றார். அம்மா அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா. நாங்களும் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு.

இடையில் ஒரு இரத்தப் பரிசோதனை வந்தது, சீ.ஏ.125. அளவு எக்கச்சக்கமாகக் கூட. போனில் தேடிப் பார்த்துவிட்டுப் புற்றுநோய்தான் என்று வாட்டுக்கு வெளியே நின்று அழுதோம். உட்சவ்வு எரிந்து கிடக்கும்போது அது கூடத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, துண்டு பரிசோதனை வரட்டும் என்றார்கள். அந்த ரிப்போட் வரும்வரை கிழமைக்கணக்கில் காத்திருந்தோம். தஹஜ்ஜத்தில் எழும்பியவர்களும் இருக்கிறார்கள், மாமாங்கத்துக்கு நேர்த்தி வைத்தவர்களும் இருக்கிறார்கள். வந்தது: புற்று இல்லை.

அவ திரும்ப ஸ்கூலுக்கு வந்த முதல் நாள் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்கப் போய் ஒருவரும் சரியாகக் கேட்கவில்லை. அவ கொப்பிகளை எடுத்தபடி, "இப்ப ரோல்ஸ் சாப்பிடலாமாம் மிஸ்" என்றா. கலியாணப் பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. அதைப் பற்றி அவ எங்களோடு கதைத்ததில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்தக் கட்டி பத்துப் பேரில் ஒருவருக்கு மற்றச் சூலகத்திலும் வரலாம் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் முதல் தடவை. தனியே விடவில்லை. அதே இடம், அதே போர்டு, ரோட்டைப் பார்த்த அதே கதிரைகள். ஆறு பேரும் வரிசையாக இருந்தோம், மூன்று அபாயா, மூன்று சாரி. ரோட்டில் போன ஒரு பிள்ளையின் தாய் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தா. பார்த்துவிட்டுக் கிட்ட வந்து, மெதுவாக, "ஆருக்கு மிஸ்? எத்தின மாசம்?" என்று கேட்டா.

எங்களில் மூத்தவவுக்கு 57 வயது, ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். அவ முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எனக்குத்தான்கா. அஞ்சு" என்றா.

தங்கச்சி சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் நோகுது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டா. உள்ளேயிருந்து அவவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.